பேட்டரி இல்லாத வெளிச்சம்

டயலில் கடுகளவுக்கு ஒரு சின்னம். எக்ஸ்ரே அறைக் கதவில் ஒட்டியிருப்பார்களே, மூன்று இதழ் விசிறி, அதேதான். பக்கத்தில் ‘எச்3’ என்று அச்சு. வாட்ச்சைக் கழற்றி டீக்கடை பெஞ்சில் வைத்துவிட்டு, தம்பி அதிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான்.

“அண்ணே, இதக் கையில கட்டலாமா? ஏதாவது வந்துடாதே?”

உறவில் தம்பி இல்லை, டீக்கடைத் தம்பிதான். சொல்தா வீட்டுப் பிள்ளை. தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், சித்தப்பா பாரிஸில். லீவுக்கு வந்த சித்தப்பா போகும்போது கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சென்ட் பாட்டிலும் சாக்லேட்டும் வந்து இறங்குவது புதுச்சேரியில் பல வீடுகளுக்குப் பழக்கம். கதிரியக்கச் சின்னம் போட்ட வாட்ச் வருவது அபூர்வம்.

கட்டலாம் என்றேன். ஏன் கட்டலாம் என்று சொல்லாமல் விட்டால் வீட்டுக்குப் போய் யூடியூபைத் திறப்பான், அன்றைக்குத் தூக்கம் போச்சு. அதனால் இன்னொரு டீ சொல்லிவிட்டு முதலிலிருந்தே ஆரம்பித்தேன். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

தம்பியின் வாட்ச் ராணுவத்துக்கென்று வகுத்த ரகம். மாரத்தான் என்ற கனடா கம்பெனி செய்கிறது. 1939இல் தொடங்கியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே படைகளுக்கு வாட்ச் கொடுத்து வருகிறது. இந்த ரக வாட்ச்சை ஒரே இயந்திரம் என்று நினைத்தால் குழப்பம்தான் வரும். ஒரே டப்பாவுக்குள் இரண்டு இயந்திரங்கள் குடித்தனம் நடத்துகின்றன. மணி காட்டுவது ஒன்று. அதற்குச் சாப்பாடு உங்கள் கை அசைவு. இருட்டில் ஒளிர்வது இன்னொன்று. அதற்குச் சாப்பாடு அணு. ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தையே கிடையாது. வாட்ச் நின்று போனாலும் டயல் ஒளிர்ந்துகொண்டிருக்கும். டயல் அணைந்து போனாலும் வாட்ச் ஓடும். இரண்டில் எது முதலில் கிழடு தட்டும் என்பதுதான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி. பெரும்பாலும் அதை யாரும் கேட்பதில்லை.

முதலில் ஓடுகிற இயந்திரம்.

பின்மூடியைக் கழற்றினால் கண்ணில் படுவது ஒரு அரைவட்டத் தகடு. ரோட்டார் என்பார்கள். விளிம்பில் கனமாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும். நடு அச்சில் மட்டும் பிடித்திருப்பதால் வாட்ச்சை எப்படித் திருப்பினாலும் கனமான பக்கம் கீழே வந்து நிற்கப் பார்க்கும். நீங்கள் டீ கிளாஸை எடுக்கக் கை நீட்டுகிறீர்கள், ரோட்டார் ஒரு சுற்று சுற்றுகிறது. கிளாஸை வைக்கிறீர்கள், திரும்பச் சுற்றுகிறது. காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் ‘ஸ்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அது இதுதான்.

அந்தச் சுழற்சி சின்னச் சின்னப் பல்சக்கரங்கள் வழியே போய் ஒரு ஸ்பிரிங்கை முறுக்குகிறது. நம் அப்பாக்கள் காலையில் எழுந்ததும் இரண்டு விரலால் சாவி கொடுத்தார்களே, அதே ஸ்பிரிங்தான். சாவி கொடுக்கிற வேலையை ரோட்டார் எடுத்துக்கொண்டது, அவ்வளவே. இதைக் கை வாட்ச்சுக்குள் முதலில் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர், 1920களில். அவருடைய எடை முழு வட்டம் சுற்றாது; கொஞ்ச தூரம் போய் முட்டித் திரும்பும். முழு வட்டம் சுற்றுகிற ரோட்டாரை ரோலக்ஸ் 1931இல் கொண்டுவந்தது. தம்பியின் வாட்ச்சுக்குள் இருப்பது ஜப்பானின் சீக்கோ குடும்பத்து என்.எச்.35 என்ற இயந்திரம். அதில் ரோட்டார் இடம் சுற்றினாலும் வலம் சுற்றினாலும் ஸ்பிரிங் ஒரே பக்கமாகத்தான் முறுகும். இரண்டு கொக்கி வைத்த ஒரு சின்னக் கவட்டை அந்த வேலையைச் செய்கிறது. சீக்கோ அதை 1959இல் கண்டுபிடித்து ‘மேஜிக் லீவர்’ என்று பெயர் வைத்தது. விளம்பரத்துக்காக வைத்த பெயர் என்றாலும் பொருத்தமானதுதான்.

“ரொம்ப ஆட்டினா ஸ்பிரிங் அறுந்துடாதாண்ணே?”

நல்ல கேள்வி. சாவி கொடுக்கும் வாட்ச்சில் ஸ்பிரிங்கின் வெளிமுனையைக் கொக்கி போட்டு மாட்டியிருப்பார்கள். முழுசாக முறுகியதும் சாவி கெட்டியாக நின்றுவிடும். மேலே திருகினால் அறுந்துவிடும். ஆட்டோமேட்டிக்கில் வெளிமுனை மாட்டப்படுவதில்லை. டப்பாவின் உள்சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். அளவுக்கு மேல் முறுகினால் சுவரில் வழுக்கிக்கொண்டு போய்விடும். ராட்டினத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் சுற்றினாலும் ஒன்றும் ஆகாது.

முழுசாக முறுகிய ஸ்பிரிங் சுமார் 41 மணி நேரம் தாங்கும். வெள்ளி ராத்திரி கழற்றி வைத்தால் ஞாயிறு பிற்பகலில் நின்றுபோகும். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸை மட்டும் நகர்த்துகிறவர்களுக்கு, கட்டியிருக்கும்போதே நின்றுபோவதும் உண்டு. வாட்ச் ரிப்பேர் இல்லை, கை அசையவில்லை. காலையில் சாவியை இருபது முப்பது சுற்று சுற்றிவிட்டால் போதும்.

ஸ்பிரிங் மொத்த பலத்தையும் ஒரே மூச்சில் விட்டுவிடாமல் தவணையில் கொடுக்க வைப்பது பேலன்ஸ் சக்கரம். தலைமயிரை விட மெல்லிய ஹேர்ஸ்பிரிங் அதை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது. என்.எச்.35இல் மணிக்கு 21,600 ஆட்டம், அதாவது விநாடிக்கு 6. அதனால்தான் விநாடி முள் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போவது போலத் தெரிகிறது.

இந்த அழகுக்கெல்லாம் ஒரு விலை உண்டு. கம்பெனியே ஒரு நாளைக்கு 20 விநாடி பின்தங்கலாம், 40 விநாடி முந்தலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நடைமுறையில் இதைவிட ஒழுங்காக ஓடும். ஆனாலும் சாதாரண பேட்டரி வாட்ச் ஒரு மாதத்தில் தப்புகிற அளவை இது ஒரே நாளில் தப்பினால் கோபித்துக்கொள்ள முடியாது. ஒரே வாரத்தில் திடீரென்று நிமிடக் கணக்கில் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ஸ்பீக்கர் மேலோ காந்த மூடி வைத்த செல்போன் உறை மேலோ ராத்திரி கழற்றி வைத்திருப்பீர்கள். ஹேர்ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய ஸ்பிரிங் நீளம் குறைந்த ஸ்பிரிங், வேகமாக ஆடும். கடையில் காந்தம் இறக்கும் கருவியில் ஒரு நிமிட வேலை. இது தெரியாமல் முழு சர்வீஸுக்குப் பணம் அழுகிறவர்கள் உண்டு.

ஆட்டோமேட்டிக் நமக்குப் புதுசும் இல்லை. 1961இல் சிட்டிசன் கம்பெனியுடன் கைகோத்து பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதாவும் பைலட்டும் 17 கல், சாவி கொடுப்பவை. ரஜத்தும் காஞ்சனும் ஆட்டோமேட்டிக். மாப்பிள்ளைக்குக் காஞ்சன்தான் வேண்டும் என்று சம்பந்திகள் அடம்பிடித்த காலம் ஒன்று இருந்தது. பட்டாளத்துக்காரர்களுக்கென்று ‘ஜவான்’ என்றே ஒரு மாடல் வந்தது. அந்தக் கம்பெனியின் வாட்ச் பிரிவை மூட 2016இல் மத்திய அரசு முடிவெடுத்தது. இருந்தாலும் ஒழுங்காக ஆயில் போட்ட பைலட் இன்றும் ஓடுகிறது. என்னைக் கேட்டால், முதல் முறையாக இந்த உலகத்துக்குள் வருகிறவர் வெளிநாட்டு ராணுவ வாட்ச்சுக்குப் போகும் முன் ஒரு பழைய எச்.எம்.டி.யைச் சில மாதம் கட்டிப் பார்க்க வேண்டும். சாவி கொடுக்கப் பிடிக்கிறதா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, இப்படி ராணுவத்துக்கென்று ‘ஃபீல்டு வாட்ச்’ என்று தனியாக ஏன் ஒரு ஜாதி?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம் இருக்கிறதல்லவா, ஜூலை 14 அன்று விளக்குப் போட்டு மலர் வளையம் வைப்பார்களே. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த இந்த ஊர்க்காரர்களின் நினைவுக்காக எழுப்பியது. கைக் கடிகாரம் ஆண்களின் கைக்கு ஏறியதும் அதே போரில்தான். அதுவரை மரியாதைப்பட்ட ஆம்பிளைக்குக் கடிகாரம் என்றால் சட்டைப் பையில் சங்கிலியோடு. கையில் கட்டுவது பெண்கள் நகை. பதுங்குகுழியில் சேற்றில் கிடப்பவனுக்குச் சங்கிலியை இழுத்து மூடியைத் திறந்து பார்க்க ஏது நேரம்? பீரங்கிகள் இத்தனை மணிக்குச் சுடும், இத்தனை மணிக்கு நிறுத்தும், நிறுத்திய நிமிடம் நீ குழியை விட்டு ஏறி ஓட வேண்டும். ஒரு நிமிடம் முன்னால் ஏறினால் நம் பீரங்கியே நம்மைக் கொல்லும்.

இந்த ரகத்தின் அடையாளங்கள் எல்லாம் அந்தத் தேவையில் பிறந்தவை. கறுப்பு டயல், வெள்ளை எண்கள், உள்வட்டத்தில் 13 முதல் 24 வரை. மினுக்காத கேஸ். சாவியை வெளியே இழுத்தால் விநாடி முள் அப்படியே நிற்கும். பத்துப் பேர் ஒரே விநாடிக்குத் தங்கள் வாட்ச்களைச் சேர்த்து வைத்துக்கொள்ள இது வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இப்படி ஒரு பட்டியல் போட்டு 12 சுவிஸ் கம்பெனிகளிடம் செய்து வாங்கியது. அமெரிக்கா 1964இல் தன் பட்டியலை வெளியிட்டது. இன்று ‘ஃபீல்டு வாட்ச்’ என்று கடையில் விற்பதெல்லாம் இந்த இரண்டின் பேரப்பிள்ளைகள்.

முரட்டுத்தனம் என்பதும் கேஸின் தடிமனில் இல்லை. பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை ஊசியை விட மெல்லியது. கீழே விழுந்தால் முதலில் முறிவது அதுதான். அதனால் அந்த முனை உட்காரும் கல்லை ஒரு குட்டி ஸ்பிரிங் மேல் மிதக்க விட்டிருக்கிறார்கள். அடி விழும்போது கல் விலகிக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வந்துவிடும். கையில் ஐம்பதாயிரம் ரூபாய் வாட்ச் இருந்தாலும் ஐந்நூறு ரூபாய் வாட்ச் இருந்தாலும், அது ஸ்பிரிங் வாட்ச் என்றால் உயிர் அந்தக் கல்லின் மேல்தான் நிற்கிறது.

இனி தம்பியைப் பயமுறுத்திய விஷயம்.

இருட்டில் மின்னுவதை எல்லாம் நாம் ‘ரேடியம்’ என்கிறோம். வண்டி நம்பர் பிளேட் ஸ்டிக்கர் முதல் சாமி படத்தின் விளிம்பு வரை. அதில் எதிலும் ரேடியம் கிடையாது. ஆனால் நிஜ ரேடியத்தை வாட்ச் டயலில் பூசிய காலம் ஒன்று இருந்தது. பாரிஸில் 1898இல் மேரி கியூரியும் பியர் கியூரியும் கண்டுபிடித்த தனிமம். துளி ரேடியத்தைத் துத்தநாக சல்ஃபைடு என்ற தூளோடு கலந்தால் அந்தத் தூள் தானாக ஒளிரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழி வாட்ச்களுக்கு இதைத்தான் தீட்டினார்கள். தீட்டியவர்கள் இளம்பெண்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு தொழிற்சாலையில், தூரிகை நுனி கூராக வேண்டும் என்று உதட்டில் வைத்து உருட்டித் தீட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முறை. ரேடியம் உடம்புக்குள் போனால் சுண்ணாம்புச் சத்து என்று எலும்பு ஏமாந்து அதை உள்ளே சேர்த்துக்கொள்ளும். தாடை எலும்பு உளுத்துப் பலர் செத்தார்கள். ஐந்து பெண்கள் வழக்குப் போட்டு, 1928இல் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. தொழிலாளர் நலச் சட்டங்களின் வரலாற்றில் அந்த ‘ரேடியம் பெண்களுக்கு’ ஒரு பக்கம் உண்டு.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஞாயிற்றுக்கிழமை மகாத்மா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலோ பழைய சாமான் கடையிலோ 1960களுக்கு முந்தைய வாட்ச் அல்லது அலாரம் டைம்பீஸ் கிடைத்தால், எண்களின் மேல் பூச்சு பழுப்பேறிப் பொரிந்து போயிருந்தால், பார்த்துவிட்டு வைத்துவிடுங்கள். வாங்கினாலும் கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டாதீர்கள். ‘இப்பத்தான் மின்னலியே’ என்று நினைக்கலாம். செத்தது துத்தநாகத் தூள். ரேடியத்தின் அடியைத் தாங்க மாட்டாமல் சில வருடங்களிலேயே அது செத்துவிடும். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 வருடம். அந்தத் தூள் மூச்சில் ஏறுவதுதான் ஆபத்து.

1960களில் ரேடியத்தைக் கைவிட்டு டிரிடியத்துக்கு வந்தார்கள். ஹைட்ரஜனின் மூன்றாவது உருவம் இது. தண்ணீரில் இருக்கிறதே, அதே ஹைட்ரஜன், கருவில் இரண்டு நியூட்ரான் கூடுதல். ‘எச்3’ என்று டயலில் போட்டிருப்பது இதைத்தான். முதலில் இதையும் பெயிண்ட்டில் கலந்துதான் பூசினார்கள். பழைய சுவிஸ் வாட்ச்களின் டயல் அடியில் ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இரண்டு பக்கமும் இருக்கும், அதற்கு அடையாளம். பெயிண்ட்டிலிருந்து டிரிடியம் மெல்ல மெல்லக் கசியும் என்பது அதன் குறை.

தம்பியின் வாட்ச்சில் பெயிண்ட் இல்லை, கண்ணாடிக் குழாய். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் லென்ஸை வைத்துப் பார்த்தால் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு மணிக் குறிக்கும் பக்கத்தில் ஒரு குழாய், பென்சில் முள் தடிமன், அரிசி நீளம்கூட வராது. மணி முள்ளின் வயிற்றில் ஒன்று, நிமிட முள்ளில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகருக்குப் பக்கத்தில் எம்பி-மைக்ரோடெக் என்ற கம்பெனி இதில் பேர் பெற்றது. குழாயின் உள்சுவரில் ஒளிரும் தூள் பூசி, டிரிடியம் வாயுவை அடைத்து, லேசரால் வாயை உருக்கி மூடிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள வீட்டு டியூப் லைட்டை நினைத்துக்கொண்டால் போதும். டியூப் லைட்டின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு பூச்சு இருக்கும். உள்ளே கரண்ட் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் வந்து அதில் மோத, பூச்சு வெளிச்சம் விடும். இங்கே கரண்டுக்குப் பதில் டிரிடியம். ஒவ்வொரு டிரிடியம் அணுவும் தன் முறை வரும்போது ஒரு எலக்ட்ரானைத் துப்பிவிட்டு ஹீலியமாக மாறிவிடுகிறது. அந்த எலக்ட்ரான் பூச்சில் மோதுகிறது. சுவிட்ச் இல்லை, அணைக்க முடியாது. பட்டப்பகலிலும் ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

இந்த எலக்ட்ரான் எவ்வளவு முரடு? காற்றில் அரை சென்டிமீட்டர் சொச்சம் போவதற்குள் களைத்துவிடும். தோலின் மேல்படலத்தைத் தாண்டாது. கண்ணாடிக் குழாயை விட்டே வெளியே வராது. அதற்கு மேல் வாட்ச்சின் கண்ணாடி, பின்பக்கம் எஃகு. இந்த ரக வாட்ச்களில் 25 மில்லிக்யூரி என்று ஒரு அளவைப் பார்ப்பீர்கள். கேட்கப் பெரிசாக இருக்கும். எடையாகச் சொன்னால் ஒரு கிராமை நான்கு லட்சம் பங்கு போட்டால் அதில் ஏறக்குறைய ஒரு பங்கு. அந்தத் துளியில் விநாடிக்கு 92 கோடி அணுக்களுக்கு மேல் சிதைந்தும் வெளிச்சம் மின்மினி அளவுதான் வருகிறது. அணு எவ்வளவு சின்னது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியாது.

“ஒடஞ்சா?”

உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே போய் நில்லுங்கள். ஹைட்ரஜன் வாயு, காற்றில் கலந்து போய்விடும். வாயுவாக இருக்கும் டிரிடியத்தை உடம்பு மிகக் கொஞ்சம்தான் உள்வாங்கும். அது தண்ணீராக மாறி உள்ளே போவதுதான் கவனிக்க வேண்டியது. நொறுங்கிய துண்டுகளை வெறும் கையால் தொட வேண்டாம், தொட்டிருந்தால் கை கழுவுங்கள். இதை நான் லேசாகச் சொல்லவில்லை. பயப்படும் அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இந்த டிரிடியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் நமக்குப் பக்கத்து ஊர்ப் பெயர் வரும். சென்னைக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் வழியில் கல்பாக்கம். அங்கே 1984இலும் 1986இலும் வணிக அளவில் மின்சாரம் தர ஆரம்பித்த இரண்டு உலைகளும் கனநீரில் ஓடுபவை. கனநீரில் இருப்பது ஹைட்ரஜனின் இரண்டாவது உருவமான டியூட்டீரியம். அது உலைக்குள் ஒரு நியூட்ரானை விழுங்கினால் டிரிடியம் ஆகிவிடும். கனநீர் உலை எங்கே இருந்தாலும் டிரிடியம் சேர்ந்துகொண்டே போகும். கனடாவிலும் இதே வம்சத்து உலைகள்தான். அங்கே டார்லிங்டன் என்ற இடத்தில் கனநீரிலிருந்து டிரிடியத்தைத் தனியே பிரித்தெடுக்கும் ஆலையே வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு வம்பு எதற்கு, இப்போது வாட்ச்களில் பச்சையாக மின்னும் பூச்சு போதாதா என்று கேட்கலாம். அது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட், ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி 1990களில் கொண்டுவந்தது. கதிரியக்கம் துளியும் இல்லை. வெளிச்சத்தைக் குடித்துக்கொண்டு இருட்டில் திருப்பித் தரும். விளக்கை அணைத்த முதல் பத்து நிமிடத்தில் டிரிடியம் குழாய் அதன் பக்கத்தில் நிற்கவே முடியாது, பூச்சு அத்தனை பிரகாசம். ஆனால் அது சேமிப்பைச் செலவழிக்கிறது. ராத்திரி பத்துக்கு ஜொலித்தது விடிகாலை மூன்றுக்கு மங்கிப் போயிருக்கும். குழாய் பத்து மணிக்கு எப்படியோ மூன்று மணிக்கும் அப்படியே.

மூன்று மணிக்கு யார் மணி பார்க்கிறார்கள் என்றால், வம்பாகீரப்பாளையத்திலும் வீராம்பட்டினத்திலும் படகைத் தள்ளுகிறவர்கள் பார்க்கிறார்கள். கடலுக்குள் போனவுடன் டார்ச்சைப் போட்டு மணி பார்த்தால் இருட்டுக்குப் பழகிய கண் போச்சு, மறுபடி பழகப் பல நிமிடம் ஆகும். கைபேசித் திரையும் அதையேதான் செய்யும். குழாயின் மங்கல் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது. பல மாடல்களில் 12 மணிக் குறி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், மற்றவை பச்சை. தூக்கக் கலக்கத்தில் வாட்ச் தலைகீழாக இருந்தாலும் மேல் எது கீழ் எது என்று தெரிய வேண்டுமே. பச்சையைத் தேர்ந்ததும் காரணமாகத்தான்: மங்கிய வெளிச்சத்தில் நம் கண் பச்சையைத்தான் சுலபமாகப் பிடிக்கும்.

2011 டிசம்பர் 30 விடிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது இங்கிருப்பவர்களுக்கு மறக்காது. நாள் கணக்கில் கரண்ட் இல்லை. கைபேசிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் மறுபடி அதே பாடத்தை நடத்தியது. சார்ஜரும் பேட்டரியும் வேண்டாத ஒரு பொருள் வீட்டில் இருக்கட்டும் என்று அப்போது நினைத்தவர்கள் பலர்.

அதற்காக எல்லாரும் இதையே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். கடலுக்குப் போகிறவருக்கு நான் சொல்வது ஆட்டோமேட்டிக் இல்லை. குழாய் வெளிச்சம் வைத்த பேட்டரி வாட்ச். அடி தாங்கும், மணி தப்பாது, ஒரு பேட்டரி வருடக்கணக்கில் வரும். ஆட்டோமேட்டிக் வாங்குவது ஆசைக்காக. ஆசைக்கு வாங்குவதில் தப்பேதும் இல்லை, ஆனால் ஆசை என்று ஒத்துக்கொண்டு வாங்க வேண்டும். ராணுவத்துக்குச் செய்தது என்பதால் எனக்கும் தேவை என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் வேடிக்கை.

எதை வாங்கினாலும் நம் ஊர்க் காற்றுக்கு ஒரு மரியாதை வைக்க வேண்டும். கடற்கரை ஓரத்து வீடுகளில் ஜன்னல் கம்பி எத்தனை வருடம் தாங்குகிறது என்று பார்த்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். 316எல் என்கிற எஃகு உப்பை நன்றாகவே தாங்கும். ஆனால் வியர்வையும் உப்பும் ஸ்ட்ராப்புக்கு அடியில், பின்மூடி இடுக்கில் தங்கிக்கொண்டால் அதுவும் குழி விழும். கடலில் இறங்கி வந்தால் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு, துடைத்து வைத்தால் முடிந்தது. 30 மீட்டர் என்று எழுதியிருப்பதை 30 மீட்டர் ஆழம் என்று படிக்காதீர்கள். அது பரிசோதனைச் சாலையில் அசையாத தண்ணீரில் அழுத்தம் கொடுத்துப் பார்த்த கணக்கு. மழை, கை கழுவுதல், அவ்வளவுதான். நீந்த வேண்டுமானால் 100 தேவை. அதுவும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் புதிதாக இருக்கும்வரை. நம் வெயிலில் அந்த வளையம் சீக்கிரம் விறைத்துவிடும். கண்ணாடிக்கு அடியில் ஆவி படிந்ததைப் பார்த்தால் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோங்கள், அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்து நாளைக் கடத்த வேண்டாம்.

கடைசியாக, முதலில் சொன்ன அந்தக் கேள்வி: எது முதலில் கிழடு தட்டும்?

டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 வருடம். அந்த வருடக் கணக்கில் பாதி அணுக்கள் ஹீலியமாகியிருக்கும், வெளிச்சம் பாதி. 25 வருடத்தில் கால். பாதி வெளிச்சம் என்றால் கண்ணுக்குப் பாதியாகத் தெரியாது, கொஞ்சம் மங்கியது போலத்தான் இருக்கும். ஆனாலும் பத்துப் பதினைந்து வருடத்துக்குப் பிறகு அரையிருட்டில் பார்க்கச் சிரமம். முக்கியமானது என்னவென்றால், இந்தக் கணக்கு நீங்கள் கட்ட ஆரம்பித்த நாளில் தொடங்குவதில்லை. குழாயை அடைத்த நாளில் தொடங்குகிறது. கடை அலமாரியில் பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்தாலும் தேய்ந்துகொண்டேதான் இருக்கும். ‘புதுசு, சீல் பிரிக்கல’ என்று யாராவது எட்டு வருடத்துப் பெட்டியை நீட்டினால் இயந்திரம் புதுசு, வெளிச்சம் பழசு. ராணுவத்துக்கு என்று செய்தவற்றின் பின்மூடியில் மாதமும் வருடமும் வெட்டியிருப்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் சில வாட்ச்களில், தூக்கிப் போடும்போது கதிரியக்கக் கழிவாகத்தான் போட வேண்டும் என்றுகூட வெட்டியிருக்கும்.

தம்பியின் வாட்ச்சைத் திருப்பிப் பார்த்தோம். ஒன்பது வருடம் ஆகியிருந்தது. சித்தப்பா சும்மா கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மீதி வெளிச்சம் இன்னும் சில வருடத்துக்குப் போதும். அதே வாட்ச்சை யாராவது புது விலைக்கு விற்க வந்தால் பேரம் பேச வேண்டும், அவ்வளவுதான். என்.எச்.35 கெட்டுப்போனால் கவலையில்லை. உலகம் முழுக்கப் புழங்குகிற இயந்திரம் அது. பழக்கமுள்ள ரிப்பேர்காரர் ஆயில் போட்டுத் தருவார், முடியாவிட்டால் முழுசாகவே எடுத்துவிட்டு வேறொன்று போட்டுத் தருவார். குழாய் அப்படி இல்லை. அதை மாற்ற டயலையும் முட்களையும் செய்தவர்களிடமே அனுப்ப வேண்டும், அந்தச் செலவுக்கு இங்கே நல்லதாக இரண்டு வாட்ச் வாங்கலாம்.